இங்கே யாரும் கேக் செய்வதில்லை

எனக்குப் பொறுமை கிடையாது. இதை நானே சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் என் வீட்டுக்காரர் சொல்லிவிடுவார். கேக் வெந்துகொண்டிருக்கும்போது ஓவன் கதவைத் திறந்து பார்க்கக் கூடாது என்பது கேக் செய்கிற எல்லோருக்கும் தெரியும். நான் திறந்து பார்ப்பேன். அதனால் என்னுடைய ஆரம்பகாலக் கேக்குகள் எல்லாம் நடுவில் குழி விழுந்தவை. குழியை ஐசிங் போட்டு நிரப்பி விற்றிருக்கிறேன். யாரும் கேட்டதில்லை.

அப்படிப்பட்ட என்னைக் கொழும்பில் இருக்கிற ஒரு கம்பெனி காக்க வைத்தது. இணையத்தில் கார்டு மூலமாகக் காசு வாங்கிக் கொடுக்கிற கம்பெனி அது. எந்த நாட்டிலிருந்தும் ஒருவர் என்னுடைய இணையப் பக்கத்தில் கார்டு நம்பரைப் போட்டால் காசு என் வங்கிக் கணக்கில் வந்து விழும். ஆனால் அதற்கு முதலில் அவர்கள் என்னை ஏற்றுக்கொள்ள வேண்டும். "விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது" என்ற ஒரே வரி என் போனில் அசையாமல் நின்றது. நாங்கள் இருப்பது மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில், லயத்தில். ஒரே கூரையின் கீழ் ஒட்டியொட்டிக் கட்டிய அந்த அறைகளுக்குள், எங்கள் பேச்சில் காம்பராக்களுக்குள், சிக்னல் வராது. ரோட்டு வளைவில் மதகு இருக்கிறது, அங்கே ஏறி நின்றால் வரும். அந்த வரி மாறிவிட்டதா என்று பார்க்க நாள் முழுக்க ஏறி இறங்கினேன். கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள், "என்னா தங்கச்சி, மதகுக்குக் காவலா?" என்று கேட்டுக்கொண்டு போனார்கள்.

அவர்களுக்கு வேடிக்கை. எனக்கு இல்லை. என் பாஸ்போர்ட் அப்போது ஹட்டனில் ஒரு ஏஜென்ட்டின் மேசைக்குள் இருந்தது. பொங்கல் கழிந்தால் மெடிக்கல், மெடிக்கல் முடிந்தால் டிக்கெட், டிக்கெட் வந்தால் டுபாயில் யாரோ ஒருவருடைய வீட்டில் வேலை. மாவும் சீனியும் விற்கிற விலையில் கேக்கை நம்பி இருக்க முடியாது, வீட்டுக்காரருடைய த்ரீவீலருக்கும் முன்பு மாதிரி ஓட்டம் இல்லை. பொங்கலுக்குள் கார்டு வழி திறந்தால் நான் இருப்பேன், திறக்காவிட்டால் போவேன். வீட்டில் அப்படித்தான் பேசி முடித்திருந்தோம். என் மகள் அப்போது பள்ளிக்கூடத்தில் இரண்டாம் ஆண்டில் படித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

கார்டு எதற்கு என்று கேட்கலாம். எங்களைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து எத்தனையோ தாய்மார் வெளிநாட்டில் வீட்டுவேலை செய்கிறார்கள். பிள்ளையின் பிறந்தநாளுக்கு ஒரு கேக் போய்ச் சேர வேண்டும் என்பது அவர்களுக்குப் பெரிய ஆசை. ஆனால் அவர்கள் அனுப்புகிற காசு முதலில் புருஷன் கைக்கு வரும், பிறகுதான் எனக்கு வரும். வழியில் ஒரு கிலோ கேக் அரைக் கிலோவாகும். சில வேளை கேக்கே சாராயமாகிவிடும். என்னோடு ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்தவள் ஒருத்தி, எங்கள் தோட்டத்தின் பக்கத்து டிவிஷன்காரி, மூன்று வருஷமாக டுபாயில் இருந்தாள். அவளுடைய புருஷன் குடிகாரன் இல்லை, நல்ல மனிதன்தான். ஆனால் கேக்கை வாங்கிக்கொண்டுபோய், "அப்பா வாங்கிட்டு வந்தேன்" என்று கொடுத்துவிடுவான். அவள் எனக்கு வாய்ஸ் அனுப்பினாள்.

"எனக்கு இப்ப சம்பளம் கார்டுலதான் விழுகுது. நீ எப்படியாச்சும் கார்டுல வாங்குற மாதிரி செஞ்சு குடு. இந்தத் தடவ எம் புள்ளைக்கு நானே வாங்கிக் குடுக்கணும். அவரு கையில குடுக்கக் கூடாது, ஆமா."

பிள்ளையின் பிறந்தநாள் பொங்கலுக்கு அடுத்த வாரம். ஆக, அவளுக்கும் எனக்கும் ஒரே கெடு.

விண்ணப்பம் போட்ட கதையைச் சொல்ல வேண்டும். வியாபாரப் பதிவு, அடையாள அட்டை, வங்கிக் கணக்கு விபரம், எல்லாம் கேட்டார்கள். பொருளைத் திருப்பிக் கொடுத்தால் காசைத் திருப்பிக் கொடுப்பது எப்படி என்று ஒரு பத்தி எழுதச் சொன்னார்கள். சாப்பிட்ட கேக்கை எந்த வழியாகத் திருப்பிக் கொடுப்பார்கள் என்று எழுதிவிட்டு, வீட்டுக்காரர் முறைத்ததால் அழித்தேன். பிறகு வியாபாரம் நடக்கும் இடத்தின் முகவரி என்று ஒரு கட்டம் வந்தது. கை தானாக நானாவின் கடை முகவரியை எழுதியது.

நானா என்பவர் மஸ்கெலியா டவுனில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற முஸ்லிம் பெரியவர். எங்களுக்கெல்லாம் அவர் அண்ணன் முறை. லயத்துக்கு வருகிற கடிதம் முதலில் தோட்ட ஆபீசுக்குப் போகும். அங்கே இருந்து, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்துக்கு வரும். அங்கே யார் கையிலாவது ஏறி, நனைந்து, நேர்முகப் பரீட்சை முடிந்த பிறகு நம் கைக்கு வரும். அதனால் முக்கியமான கடிதம் எதுவென்றாலும் நாங்கள் டவுன் கடையின் முகவரியைத்தான் கொடுப்போம். என் பரீட்சை முடிவு அங்கேதான் வந்தது. வங்கிக் கடிதமும் அங்கேதான். எங்கள் லயத்தில் பாதிப் பேர் காகிதத்தில் நானாவின் கடையில்தான் குடியிருக்கிறார்கள். வியாபாரப் பதிவுக்குக்கூட அவர்தான் கடையில் இடம் தந்திருப்பதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இதில் தப்பு இருப்பதாக எனக்கோ அவருக்கோ தோன்றவே இல்லை. முகவரி என்றால் கடிதம் போய்ச் சேருகிற இடம், அவ்வளவுதானே.

கம்பெனிக்கு அப்படி இல்லை. இடத்தைப் பார்த்து வர ஒரு ஆளை அனுப்பியது. என்னிடம் சொல்லாமலே அனுப்பியது. நானாதான் எனக்குப் போன் எடுத்துச் சொன்னார், குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"தங்கச்சி, கொழும்பு ஆள் வந்திட்டுப் போறாரு. ஒன்டும் யோசிக்காதீங்க. எல்லாம் சரியா சொல்லிட்டேன்."

"என்னா நானா சொன்னீங்க?"

"பின்னால ஸ்டோர்ல தான் கேக் செய்றாங்கன்டு சொன்னேன். ஓவன் எங்கன்டு கேட்டாரு. ரிப்பேருக்குப் போயிருக்குன்டு சொன்னேன். படமெல்லாம் எடுத்திட்டுப் போனாரு."

அரிசி மூட்டைக்கும் கருவாட்டுப் பெட்டிக்கும் நடுவே என் பேக்கரியைப் படம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். அந்த மனிதரிடம் என்ன சொல்ல முடியும்? எனக்காகப் பொய் சொன்னவர் அவர். ஆனாலும் கோபம் கோபமாக வந்தது. போனை வைத்துவிட்டு மதகின் மேல் உட்கார்ந்து அழுதேன். மறுநாள் போனில் அந்த வரி மாறியது. முகவரியை உறுதிப்படுத்த முடியவில்லை, உண்மையில் வியாபாரம் நடக்கும் இடத்தின் முகவரியோடும் அதற்கான கடிதத்தோடும் மறுபடி விண்ணப்பிக்கவும் என்று வந்திருந்தது.

உண்மையில் நடக்கும் இடம் லயம். லயம் தோட்டத்துக்குச் சொந்தம். தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இருக்கக் கொடுத்த அறை அது, வியாபாரம் செய்யக் கொடுத்தது இல்லை. எங்கள் வீட்டில் மாமியார் மட்டும்தான் இன்னும் வேலைக்குப் போகிறார், அறை அவருடைய பெயரில் நிற்கிறது. தோட்டத்து மேனேஜரான தொரையிடம் போய், இங்கே கேக் வியாபாரம் செய்கிறேன், கடிதம் கொடுங்கள் என்று கேட்பது, நாமே போய் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதுதான்.

"தலைவருகிட்டச் சொல்லுவோம்," என்றார் வீட்டுக்காரர். "அவரு நல்ல நேரம் பாத்துப் பேசட்டும்."

தோட்டத்து வழக்கம் அதுதான். தொழிற்சங்கத் தலைவரிடம் சொன்னால் அவர் கணக்கப்பிள்ளையிடம் சொல்வார், அவர் தொரையின் முகம் பார்த்து எடுத்துச் சொல்வார். அதற்குள் நான் டுபாயில் யாருடைய தரையையாவது துடைத்துக்கொண்டிருப்பேன். அடுத்த நாள் காலையில் நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு நேராக ஆபீசுக்குள் போனேன். கிளார்க் எழுந்து நின்றுவிட்டார்.

தொரை சின்ன வயதுக்காரர், சிங்களவர், தோட்டத்துத் தமிழை வேலைக்கு வந்த பிறகு கற்றுக்கொண்டவர். என் மாமியார் வயதுப் பெண்களையும் நீ வா போ என்பார். அதற்காகவே எனக்கு அவரைப் பிடிக்காது.

"கேக்கா? லயத்துலயா?"

"ஆமாங்க சார். எங்க குசினியில."

பேனாவைச் சுழற்றினார். "நீ இங்க இருக்கேன்னு எழுதித் தரலாம். வியாபாரம் செய்றேன்னு எழுதித் தர ஏலாது. அப்படி எழுதினா எல்லாரும் கடை போடுவாங்க." பேனாவைக் கீழே வைத்து, "நீ கேக் செய்றது எனக்குத் தெரியாது. தெரிஞ்சா நான் நிப்பாட்டணும். விளங்குச்சா?" என்றார்.

விளங்கியது. பிடிக்காத மனிதரிடம் நன்றி சொல்வது கஷ்டம், சொல்லிவிட்டு வந்தேன். வாசல் தாண்டியதும் கிளார்க் பின்னாலேயே வந்து, மகனுக்குப் பிறந்தநாள் வருகிறது, ஒரு கிலோ என்ன விலை என்று காதோடு கேட்டார்.

வீட்டுக்கு வந்து நான் செய்த காரியம் ஒன்றுதான். லயத்தில் கேட்டவர்களிடமெல்லாம் தொரை சொன்னதை அப்படியே சொன்னேன். தெரிந்தால் நிறுத்திவிடுவாராம் என்று சொன்னேன். எனக்கு அது ஒரு வேடிக்கைக் கதை, ரெண்டு தடவை நடித்தும் காட்டினேன். குடியிருப்புக் கடிதத்தைப் படம் எடுத்து, நான் இருப்பதும் கேக் செய்வதும் இங்கேதான், வேறு இடம் எனக்கு இல்லை, வந்து பாருங்கள் என்று கம்பெனிக்கு அனுப்பினேன். வருகிறோம் என்று பதில் வந்தது. வருகிற கிழமையையும் சொன்னார்கள்.

அன்று காலையில் வீட்டைக் கழுவினேன். ஓவனைத் துடைத்தேன். அதிகாரி வரும்போது கண்ணெதிரே வேக வேண்டும் என்று ஒரு பட்டர் கேக்கை உள்ளே வைத்தேன். அதன் பிறகு வீட்டில் இருந்திருக்க வேண்டும். மனிதர் வழி கேட்டு போன் எடுத்தால் சிக்னல் கிடைக்காதே என்று தோன்றியது. தோன்றியதும் கால் நிற்கவில்லை. மதகுக்கு ஏறினேன். போனைப் பார்த்தேன், ரோட்டைப் பார்த்தேன், மறுபடி போனைப் பார்த்தேன். கீழே அணைக்கட்டுத் தண்ணீர் மேல் பனி விலகி, மறுபடி வந்து மூடியது. ஒருவரும் வரவில்லை. ஒரு சத்தமும் இல்லை.

மனிதர் ஃபாக்டரிப் பக்கத்து ரோட்டால் வந்து, பார்த்து, போயிருந்தார். நான் இறங்கி வந்தபோது பக்கத்துக் காம்பரா அக்கா இஸ்தோப்பில், அதாவது வாசல் தாழ்வாரத்தில், இடுப்பில் கை வைத்து நின்றார். முகத்தில் வெற்றி.

"ஒரு மாத்தயா வந்தாரு, ஃபைலு வச்சிக்கிட்டு. இங்க கேக் செய்றது யாருன்னு கேட்டாரு. தொரை அனுப்புன ஆளுதானே, நாங்க வாயத் தொறக்கலையே."

"என்னாக்கா சொன்னீங்க?"

"இங்க யாரும் கேக் செய்றதில்லன்னு சொன்னோம். ஒம் பேரச் சொல்லிக் கேட்டாரு. அப்படி ஒரு ஆளே இங்க இல்லன்னு சொல்லிட்டோம். லயமே சேந்து சொன்னுச்சு, தங்கச்சி. கவலப்படாத."

சத்தம் போடக்கூட நேரம் இல்லை. ஃபாக்டரி ரோட்டில் அந்த நேரம் கொழுந்து லொறி நிற்கும், அதைத் தாண்டி அவருடைய கார் போக முடியாது, மூட்டை ஏற்றி முடியும்வரை ரோடு அடைந்துதான் கிடக்கும். அந்த ஒரு நம்பிக்கையில் தேயிலைக்குள் இறங்கினேன். தண்ணீர்க் கான் தாண்டி, குறுக்குப் பாதையில், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். செருப்பு ஒன்று போய்விட்டது. லொறிக்குப் பின்னால் சின்னக் கார் ஒன்று நின்றது. கண்ணாடியில் தட்டினேன்.

கண்ணாடியை இறக்கியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நடுத்தர வயது, சிங்களவர், தமிழ் நன்றாகவே பேசினார். காலையில் திம்புள்ளப் பக்கம் ஒரு வேலை முடித்துவிட்டு வந்தவராம், களைத்திருந்தார்.

"கடைக்குப் போனால் ஓவன் ரிப்பேர். இங்க வந்தால் ஆளே இல்லை. அம்மா, நீங்க உண்மையிலேயே இருக்கிறீங்களா?"

எனக்கு மூச்சு வாங்கியது. இரண்டு கைகளையும் விரித்து நீட்டினேன். நகக்கண்ணெல்லாம் முந்தைய நாள் ஐசிங்குக்குப் போட்ட நீலச் சாயம். அவர் அதைப் பார்த்தார். என்னையும் ஏற்றிக்கொண்டு காரைத் திருப்பினார்.

லயத்தடியில் கார் நின்றதும் வீட்டுக்கு முன்னால் கூட்டம். எல்லோருடைய முகமும் பூட்டிக் கிடந்தது. நான், "சொல்லுங்கக்கா, நான் கேக் செய்றேன்னு இவருகிட்டச் சொல்லுங்க," என்றேன். ஒருவரும் பேசவில்லை. என்னை மிரட்டிக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார் என்றே நினைத்திருக்கிறார்கள். கடைசியில் அந்த அக்காதான் வாயைத் திறந்தார்.

"செய்வாங்க, மாத்தயா. ஆனா விக்கிறதில்ல. நாங்களே சாப்புட்டுருவோம்."

அதற்குள் புகை வந்தது. ஓவனுக்குள் பட்டர் கேக் கரியாகியிருந்தது. ஊரெல்லாம் இல்லை என்று சொன்னபோது அந்தக் கருகல் நாற்றம் ஒன்றுதான் எனக்குச் சாட்சியாக வந்தது. அதிகாரி குசினிக்குள் நின்று அதைப் படம் எடுத்தார். எடுக்கும்போது அவருடைய தோள் குலுங்கியது. சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்ததும் எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். ப்ளேன்டீ குடித்துவிட்டுத்தான் போனார்.

பொங்கலுக்கு முதல் நாள் மதகில் நின்றபோது அந்த வரி மாறியது. ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். உடனே டுபாய்க்காரிக்கு லிங்க்கை அனுப்பினேன். அடுத்த நாளே காசு வந்தது, அவளுடைய பெயரில், வேறு யார் கையும் படாமல். ஒரு கிலோ சொக்லட் கேக். மேலே "அம்மா" என்று மட்டும் எழுதச் சொன்னாள். பிள்ளையின் பெயர் வேண்டாமா என்று கேட்டேன். "அது அவளுக்குத் தெரியும்தானே" என்றாள்.

ஒரு கேக்கை நம்பி எப்படி என்று பாஸ்போர்ட்டை மட்டும் இன்னும் திருப்பிக் கேட்காமல் இருந்தேன். பிறந்தநாள் அன்று வீட்டுக்காரரோடு த்ரீவீலரில், கேக்கை மடியில் வைத்துக்கொண்டு போனேன். அவர்கள் வீட்டில் பலூன் கட்டியிருந்தார்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் வந்து நின்றன. பிள்ளை புதுச் சட்டை போட்டு மேசையருகே நின்றாள். பெட்டியைத் திறந்தேன். எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"அம்மா வாங்கித் தந்ததுடா பாப்பா," என்றேன். "அம்மாவே காசு கட்டி வாங்குனாங்க. கேட்டுக்க."

அவள் தகப்பனைப் பார்த்தாள். அவனும் தலையை ஆட்டினான். கத்தியை அவள் கையில் கொடுத்தான். அவள் வாங்கி, மேசையில் வைத்தாள்.

"அம்மா வந்தப்புறம் வெட்டுவோம்."

"அம்மா வர இன்னும் நாளாகும் பாப்பா. கெட்டுப் போயிரும்."

"மூடி வைங்க. கெட்டுப் போகாது."

கெஞ்சினார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கேக்கையே பார்த்துக்கொண்டு நின்றன. ஒரு விரலால் ஐசிங்கைத் தொடக்கூட அவள் யாரையும் விடவில்லை. பெட்டியின் மூடியைத் தானே மூடினாள். அடம் பிடிக்கவில்லை, அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. இன்னொரு ஓட்டம் இருக்கிறது என்று வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

எங்கள் வளைவில் இறங்கிக்கொண்டேன். போனில் டுபாயிலிருந்து வாய்ஸ் வந்து கிடந்தது. மேடம் தூங்குகிற நேரத்தில் ரகசியமாகப் பேசுகிற குரல்.

"வெட்டுனாளா? என்னா சொன்னா? சிரிச்சாளாடி?"

"வெட்டிட்டா," என்று உடனே பேசி அனுப்பினேன். "மொதத் துண்டு ஒனக்குன்னு சொல்லி எடுத்து வச்சிட்டா. அப்படிச் சிரிச்சா."

அனுப்பிவிட்டுக் கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு ஹட்டன் ஏஜென்ட்டுக்கு அடித்தேன். மெடிக்கலுக்கு நான் வரவில்லை, பாஸ்போர்ட்டை எடுத்துவைங்க, நாளைக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றேன்.

"என்னாங்க இது? கேக் வித்தா சம்பாதிக்கப் போறீங்க? நல்லா யோசிச்சீங்களா?"

"யோசிக்கலங்க," என்றேன். "ஒரு புள்ளையப் பாத்துட்டு வாறேன்."

அவர் மேலே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடம் விட்டு மகள் வருகிற நேரம், நான் போனை வைத்துவிட்டுக் கீழே இறங்கினேன்.